வெளிச்சக் குதிரை

ஐந்து சுருள், ஒரு டைனமோ, இழுக்க இரண்டு கிழட்டுக் குதிரைகள்.
விம்மெரா கோதுமைச் சமவெளியில்
ஊருக்கு ஓர் இரவு என்று
மூன்றாவதாக ஒரு குதிரையையும் கூட்டிப் போனேன்.
அதற்குத் தீனி வேண்டாம், லாடம் வேண்டாம்,
தகர டப்பாவுக்குள் சுருண்டு படுத்திருக்கும்.

கதை இதுதான்:
ப்ளம்மர் குடும்பம் கறவை மாட்டை விற்றுப்
பந்தயக் குதிரை ஒன்று வாங்குகிறது.
குதிரையின் பெயர் அவசரம்.
அது பெயரோடு சரி.
வீட்டம்மா வெள்ளாவித் தொட்டியின் மூடியைத் தட்டினால் ஓடும்,
தட்டாவிட்டால் நின்ற இடத்தில் புல் தேடும்.
ஆகவே மெல்பர்ன் மைதானத்து வேலியோரம்
மூடியும் கரண்டியுமாய்
அந்தம்மாளும் ஓட வேண்டியிருக்கிறது, தொப்பி ஒரு பக்கம்,
தொப்பியின் செர்ரிப் பழங்கள் ஒரு பக்கம்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினவர்கள் உண்டு.
கூலமன் ஊரார்
வெளிச்சக் குதிரையை நம்பிக் காசை இறக்கினார்கள்.
கம்பளிக் கிடங்கின் வாசலில்
கொல்லன் லாக்கி மெக்ஃபீ தொப்பியை மல்லாத்திப்
பந்தயம் வாங்கிக்கொண்டிருந்தான்.
"பக்கத்து ஊரில் போன வாரமே ஓடி முடித்ததாமே?"
"அது அந்த ஊரில். இங்கே தரை ஈரம்."
யாரும் சிரிக்கவில்லை.
தலையாட்டிவிட்டு இன்னும் ஆறு பென்ஸ் போட்டார்கள்.

எனக்கு முடிவு தெரியும்,
அறுபத்தோரு தடவை பார்த்தவன்.
வாய் திறக்கவில்லை.
திறக்காததற்குக் காரணம் கண்ணியம் அல்ல,
மதியமே ஓர் ஆளை அனுப்பி
அவசரம் தோற்கும் என்று
இரண்டு ஷில்லிங் கட்டியிருந்தேன்.

மூன்று படுக்கை விரிப்புகளை ஒட்டுத் தைத்த திரை.
ஹெட்விக் நோஸ்கேயின் பியானோவில் இரண்டு கட்டைகள் ஊமை,
குதிரைப் பாய்ச்சல் வரும்போதெல்லாம்
அந்த இடத்தில் ஒரு கால் நொண்டும்.

நான்காம் சுருள்.
கொடி விழுந்தது. ஐந்து குதிரைகள் பறந்தன.
அவசரம் நின்றது.
திரையில் அந்தம்மாள் மூடியைத் தட்டுகிறாள், தட்டுகிறாள்,
ஊமைப் படம், எங்கே கேட்கும்?
பின் வரிசையில் ப்யூலா ட்ரெகென்சா எழுந்தாள்.
தந்தி வந்த நாளிலிருந்து
தபால்காரனோடுகூடப் பேசாதவள்.
"கேட்கலையே அதுக்கு!" என்றாள்.
தேநீர் அண்டாவின் மூடியைப் பிடுங்கி
அகப்பையால் ஓங்கி ஒரு அடி.

அவசரம் காதை உயர்த்தியது.
(அறுபத்தோரு தடவையும் அங்கேதான் உயர்த்தியது.
அதை நான் அங்கே சொல்லியிருந்தால்
வெட்டிப் போட்டிருப்பார்கள்.)
கிடங்கே எழுந்து நின்று கத்த
ப்யூலா அடித்தாள், அடித்தாள்,

வெளியே வேலியில் கட்டியிருந்த
பதினெட்டு நிஜக் குதிரைகளுக்குக்
காது நன்றாகவே கேட்டது.

கட்டை பிடுங்கும் சத்தம். பிறகு இடி.
ஊரே வாசலுக்குப் பாய்ந்தது,
பாதிரியார் ஐவர் ஹெய்ல் எல்லோருக்கும் முன்னால்.
நிலா வெளிச்சத்தில் பாலம் வரை ஓட்டம்.
சூதாட்டம் பற்றிப் போன ஞாயிறுதான் பிரசங்கித்த
பாதிரியாரின் பழுப்புப் பெட்டைக் குதிரை
ஒரு தலை நீளத்தில் முதலில் வந்தது.
மெக்ஃபீ அந்தக் கணக்கிலேயே பந்தயத்தைத் தீர்த்தான்.
என் இரண்டு ஷில்லிங் போயிற்று.
என் இரண்டு குதிரைகளும்
கடைசிக்கு முந்தினதும் கடைசியுமாக.

உள்ளே நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.
ஹெட்விக் கட்டைகளைப் பார்த்துக் குனிந்திருந்தாள்.
அவசரம் ஆறாவதாக வந்து,
ஜெயித்த குதிரைக்கு வைத்திருந்த மாலையை
நிதானமாகத் தின்றது.
பார்த்தது ப்யூலா ஒருத்தி.
அது கோட்டைத் தாண்டும்வரை
அடியை அவள் நிறுத்தவேயில்லை.

"நாளைக்கு எந்த ஊர்?"
சொன்னேன்.
"அங்கேயும் அதுக்குக் கேட்காதே" என்று
மூடியை என் கையில் கொடுத்தாள்.
அகப்பையைத் தரவில்லை, அது தேவாலயத்துச் சொத்து.

மறுநாள் பாதையெல்லாம் வண்டியின் அடியில்
மூடி கடகடத்தது.
கிழடுகள் இரண்டும்
பதினொரு மைலை நிற்காமல் ஓடின.